மூன்றாவது பட்டன்

தடித்த எழுத்து வேண்டுமானால் சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒரு நட்சத்திரக் குறி. சாய்ந்த எழுத்துக்கு அடிக்கோடு. அடுத்த வரிக்கு இறங்க வேறொரு குறி. இதையெல்லாம் கம்ப்யூட்டர் கோடில் எழுதி, கடைக்காரர்களின் சாட்பாட் தானாகவே போனுக்கு அனுப்புகிற செய்திகளைக் கட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஐம்பதை நெருங்குகிற ஆம்பளைக்கு இது ஒரு வேலையா என்று என் அக்கா கேட்பாள். பூ கட்டுகிறவர்களை யாரும் அப்படிக் கேட்பதில்லையே என்பேன். அவர்களுக்காவது கையில் வாசனை மிஞ்சும் என்பாள்.

ஆபீஸ் ரெட்டியார்பாளையத்தில், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே. அந்த வாரம் ஒரு பந்தல் கடைக்காரருக்காக வேலை செய்துகொண்டிருந்தேன். சாமியானா, நாற்காலி, பாத்திரம், சீரியல் லைட், கூடவே ஃப்ரீசர் பெட்டி. கல்யாணமோ சாவோ, எங்கள் பக்கத்தில் இரண்டுக்கும் அவர்தான் வருவார். கல்யாண அழைப்பு அனுப்ப அவருக்கு ஏற்கெனவே ஒரு சாட்பாட் செய்து கொடுத்திருந்தேன். பெயர், மண்டபம், நேரம் மூன்றையும் போட்டால் போதும், அழகான செய்தியாகப் போய்ச் சேரும். அடியில் ‘வருகிறேன்’, ‘வர இயலவில்லை’ என்று இரண்டு பட்டன். எத்தனை இலை என்று சமையல்காரருக்குச் சொல்ல வசதி. என் அக்கா மகள் கல்யாணத்துக்கே அதில்தான் அழைத்தோம். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் எண்களையெல்லாம் நான்தான் உட்கார்ந்து ஏற்றினேன்.

அது நன்றாக ஓடியதும் அவருக்கு ஆசை கூடியது. ஃப்ரீசர் பெட்டி எடுக்கிறவர்களுக்குத் துக்கச் செய்தியும் இலவசமாக அனுப்பிக் கொடுக்கலாமே என்றார். எனக்கும் அது சுலபமாகப் பட்டது. கல்யாணக் கோடை அப்படியே நகல் எடுத்தேன். மேலே இருந்த நாதஸ்வரப் படத்தைத் தூக்கிவிட்டு ஒரு குத்துவிளக்கை வைத்தேன். ‘திருமணம்’ இருந்த இடத்தில் ‘இறுதி ஊர்வலம்’. பாதி வேலை முடிந்திருந்தது. மீதி முடிவதற்குள் முதல் வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

அது என் அம்மா.

மூலக்குளத்து வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டாள். காலையில் காபி கொண்டு போன என் மனைவிதான் பார்த்தாள். அக்கா அடுத்த தெருவிலிருந்து தலையை முடிந்துகொண்டே ஓடி வந்து, வாசலிலேயே அழ ஆரம்பித்தாள். நான் எனக்கும் அழுகை வரும் என்று சுவரோரமாக நின்று காத்திருந்தேன். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது உடம்பு முழுவதும். தொட்டால் என்னுடையதுதான், ஆனால் யாரோ இரவல் கொடுத்தது போல.

எனக்குப் பதற்றம் வந்தால் நான் ஓடுவதில்லை, கத்துவதில்லை. ஒழுங்குபடுத்துவேன். வீடு பற்றி எரிந்தால் முதலில் செருப்புகளை ஜோடி சேர்த்து வைக்கிற ஜாதி நான். அக்கா அம்மாவின் தலைமாட்டில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள், மனைவி அக்கம்பக்கத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் உள்ளறைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தேன். பந்தல் கடைக்காரருக்கு போன் செய்து பெட்டி வேண்டும் என்றேன். யாருக்கு சார் என்றார். எங்க வீட்டுக்குத்தான் என்றேன். இதோ வரேன் என்று வைத்தார். அதற்குள் நான் செய்தியைக் கட்ட ஆரம்பித்திருந்தேன்.

‘வாடிக்கையாளர் பெயர்’ என்ற பெட்டியில் அம்மாவின் பெயரைத் தட்டினேன். அதைத் தடித்த எழுத்தில் போடலாமா வேண்டாமா என்று ஒரு யோசனை. போட்டுப் பார்த்தேன், கத்துவது போல இருந்தது. எடுத்துப் பார்த்தேன், யாரோ ஒருத்தி போல இருந்தது. மறுபடியும் போட்டேன். முகவரியைச் சாய்த்தேன், நிமிர்த்தினேன். நேரத்துக்கு மேலே ஒரு வெற்று வரி விட்டேன். எங்கள் தொழிலில் செய்தியின் நடுப்பகுதிக்கு பாடி என்று பெயர். முன்னறையில் வந்தவர்கள் பாடி எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்க, நான் உள்ளே இருந்துகொண்டு பாடியில் ஒரு வரி அதிகமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எல்லாம் நேராக வந்து நின்றது. கல்யாணத்துக்கு ஏற்றிய அதே பட்டியலைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். அனுப்பியதும் ஒரு திருப்தி வந்ததே, அதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

அக்கா உள்ளே எட்டிப் பார்த்து எல்லாருக்கும் சொல்லியாயிற்றா என்றாள். சொல்லிவிட்டேன் என்றேன். மாமாவுக்கு என்றாள். மாமாவுக்கும்தான் என்றேன். பொய் இல்லை. பட்டியலில் அவர் எண் இருந்தது.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. அம்மா பிறந்தது கடலோரத்துக் குப்பத்தில். தாத்தா போன பிறகு அந்தப் பக்கத்தில் மிஞ்சியது அவர் ஒருவர்தான். பெரிய மார்க்கெட்டில் மீன் ஏலம் எடுக்கிறவர். அக்காவுக்கும் தம்பிக்கும் மாதம் ஒரு சண்டை. வஞ்சிரத்தில் தலைப்பக்கத்தை எனக்குத் தள்ளிவிட்டாய் என்பது போன்ற உலக விவகாரங்கள். அம்மா எல்லாச் சண்டையையும் ஒரே வசனத்தில்தான் முடிப்பாள்: “என்னா குதிச்சாலும் ஒரு நாளைக்கி எனக்கு நீதான்டா பொடவ எடுத்தாவணும்.”

அது நிஜம். பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். அந்தப் புதுப் புடவையை அவள்மேல் போட்ட பிறகுதான் எடுப்பார்கள். எத்தனை நேரமானாலும் அதற்காகக் காத்திருப்பார்கள்.

எட்டரை மணிவாக்கில் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘சொல்தா’, பிரெஞ்சில் சிப்பாய். துக்க வீட்டுக்கும் இஸ்திரி போட்ட சட்டையைக் காலர் வரை பட்டன் போட்டுக்கொண்டு வருகிற ஆள். அம்மாவைப் பார்த்து நின்றுவிட்டு, என்னை மெதுவாகத் தனியே அழைத்துப் போய் போனை நீட்டினார்.

“தம்பி, இதுல வருகிறேன்னு இருந்துச்சி, அமுக்கினேன். மிக்க மகிழ்ச்சின்னு பதில் வருது. நான் எப்படி வரணும்னு நினைக்கிறீங்க?”

கிண்டல் இல்லை. அவர் உண்மையாகவே கேட்டார்.

வாங்கிப் பார்த்தேன். உச்சியில், அனுப்பியவர் என்ற இடத்தில், பந்தல் கடையின் பெயர். அதன் கீழே குத்துவிளக்கு. அம்மாவின் பெயர், தடித்த எழுத்தில். முகவரி, நேரம், எல்லாம் நேராக. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ‘நன்றி. மீண்டும் வருக.’ அப்புறம் இரண்டு பட்டன். அதை அமுக்கினால் ஒரு ரோஜாப்பூவும் மிக்க மகிழ்ச்சியும்.

அடிவரியும் பட்டன்களும் தனிக் கோப்பில் இருந்தன. எல்லாச் செய்திக்கும் தானாகவே போய் ஒட்டிக்கொள்ளட்டும் என்று நான்தான் அப்படி வைத்திருந்தேன். அன்று காலையில் தடித்த எழுத்தோடு மல்லாடியதில் அந்தக் கோப்பு என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரவில்லை. சாவு வீட்டுக்கு யாரும் அழைப்பு வைக்கமாட்டார்கள். கேள்விப்பட்டு வருவார்கள். கிளம்பும்போது ‘போய்ட்டு வரேன்’ என்று வாய் தவறியும் சொல்லமாட்டார்கள், எழுந்து போய்விடுவார்கள். இது எனக்குப் பல் முளைத்த நாளிலிருந்து தெரியும். என் கோடுக்குத் தெரியவில்லை. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

உள்ளறைக்கு ஓடினேன். இல்லை, நடந்தேன். சாவு வீட்டில் ஓடினால் இன்னொன்றா என்று பதறுவார்கள். பதில்கள் வரும் பக்கத்தைத் திறந்தேன். பலர் ‘வருகிறேன்’ என்று அமுக்கியிருந்தார்கள், பாவம், மகிழ்ச்சியையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் ‘வர இயலவில்லை’.

மாமா.

பக்கத்தை மூடித் திறந்தேன். மறுபடியும் மூடித் திறந்தேன், கதவை மூடித் திறந்தால் உள்ளே வேறு ஆள் இருப்பார் என்பது போல. பிழை என் கோடில் இருக்குமோ என்று தேடினேன். என் கோடில் பிழை இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். இல்லை. பிசகில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

லேப்டாப்பைத் திருப்பி அக்காவிடம் காட்டினேன். படித்தாள். அழுகை நின்றுவிட்டது. அது நின்றதுதான் எனக்கு அதிக பயம்.

“ஆள் அனுப்பலியா?”

இல்லை என்றேன்.

“போன்லயும் சொல்லல?”

லேப்டாப்பை மூடினேன்.

“பொறந்த வூட்டுக்கு ஆள் போயிதான்டா சொல்லணும். அது பந்தல் கடையிலேருந்தா போவும்?”

அக்கா போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டாள். பிறகு போனை இடுப்பில் செருகிக்கொண்டு, கூப்பிடுவதற்கெல்லாம் இனி வரமாட்டார், நீயே நேரில் போய்ச் சொல் என்றாள். கொள்ளி வைக்க வேண்டியவன் வாசலைத் தாண்டக் கூடாது என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மொதல்ல எடுக்கணும். அப்புறம்தான் கொள்ளி.”

அதற்குள் பந்தல் கடைக்காரர் வந்து பெட்டியை இறக்கி, வாசலில் சாமியானாவையும் கட்டி முடித்திருந்தார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. கடையின் பெயர் இழுபடுகிறதே என்கிற கவலை முகத்தில் இருந்தாலும் அதைச் சொல்லவில்லை. வாங்க சார், நானே கொண்டு போய் விடுகிறேன் என்று லோடு வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டார். பின்னால் மிச்சமிருந்த இரும்புக் குழாய்கள் ஒவ்வொரு வேகத்தடையிலும் கணகணவென்று அடித்துக்கொண்டு வந்தன. ரெட்டியார்பாளையத்தைத் தாண்டும்போது ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தேன். முந்தின நாள் நான் அணைக்க மறந்த ஃபேன் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே கண்ணாடிக் கடையில் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரிலிருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். எல்லாம் வழக்கம் போல இருந்தது. நானும் வழக்கம் போலத்தான் இருந்தேன், அதுதான் சரியில்லாமல் இருந்தது.

நெல்லித்தோப்பில் அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“சார், தப்பா நினைக்கக் கூடாது. அந்த ‘மீண்டும் வருக’வ எடுத்துடலாமா?”

“எடுத்துடலாம்ண்ணே.”

“மொத்தமா வேணாம். கல்யாணத்துக்கு இருக்கட்டும்.”

சரி என்றேன். வழி நெடுக, மாமாவிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டே சொல்தான். ஒவ்வொரு தடவையும் அது நட்சத்திரங்களோடுதான் வந்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அவற்றை எடுத்தால் நடுவில் எதுவும் மிஞ்சவில்லை.

பெரிய மார்க்கெட்டில் மீன் பக்கம் ஏலம் எப்போதோ முடிந்திருந்தது. தரையைத் தண்ணீர் அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்நேரத்துக்கு மாமா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். போகவில்லை. கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டி ஒன்றின்மேல், கால்களைச் சேர்த்து, யாரோ ஸ்டூடியோவில் போட்டோ எடுக்கிறது போல நேராக உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிக்கடைப் பை. சுற்றி மீன் விற்கிற பெண்கள் ஒருவரும் குரல் உயர்த்தி வியாபாரம் செய்யவில்லை. அந்த இடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே கிடையாது. பந்தல் கடைக்காரர் என் பின்னால் வந்தவர், மாமாவின் முகத்தைப் பார்த்ததும் ஒரு தூணுக்கு அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டார்.

மாமா என்னைத் தெரியாத ஆள் போலப் பார்த்தார்.

“என்னா விஷயமா வந்த?”

“மாமா, மெசேஜு...”

“மெசேஜ் வந்துது. எங்கக்கா செத்துட்டான்னு பந்தல் கடைக்காரன் சொல்றான். நன்றி, மீண்டும் வருகன்றான். அத உடு. நீ என்னா விஷயமா வந்த?”

அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மீன்காரப் பெண்களுக்கும் தூணுக்குப் பின்னால் நிற்கிறவருக்கும் தெரியும். இருந்தாலும் அவர் கேட்டுவிட்டு, பதிலுக்காக உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து நான் அந்தச் செய்தியை எழுதியிருந்தேன், நிமிர்த்தியிருந்தேன், சாய்த்திருந்தேன், ஊருக்கே அனுப்பியிருந்தேன். வாயால் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. பந்தல் கடைக்காரரிடம்கூட ‘எங்க வீட்டுக்குத்தான்’ என்று சொன்னேனே தவிர, அதைச் சொல்லவில்லை.

“அம்மா போயிடுச்சி, மாமா.”

பஸ் போய்விட்டது என்று சொல்கிற குரலில்தான் வந்தது. எனக்கு எதுவும் ஆகவில்லை. மாமாவுக்குத்தான் ஆயிற்று. பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தார், நனைந்துவிடக் கூடாது என்பது போல. பிறகு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு, ‘எக்கா, எக்கா’ என்று அந்த ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அதுவரை அழாமல் அதற்காகத்தான் காத்திருந்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. செய்தி வந்து மூன்று மணி நேரமாகியிருந்தது. துணிக்கடைக்குப் போய்ப் புடவை எடுத்துவிட்டார், ஆனால் அழ ஆரம்பிக்கவில்லை. யாரும் வந்து சொல்லவில்லையே.

லோடு வண்டியின் முன்சீட்டில் மூவரும் நெருக்கி உட்கார்ந்து திரும்பினோம். பை மறுபடியும் மாமாவின் மடிக்கு வந்திருந்தது. ஏன் வீட்டுக்குப் போகாமல் மார்க்கெட்டிலேயே இருந்தீர்கள் என்று கேட்டேன்.

“காலையில நான் அங்கதான் இருப்பேன்னு உனக்குத் தெரியும். வூட்டுக்குப் போயிட்டா நீ எங்க வந்து தேடுவ? அதான் அங்கியே குந்திக்கினு இருந்தேன்.”

கொஞ்ச தூரம் போன பிறகு இன்னொன்றும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் தொழில் புத்தி. வர இயலவில்லை என்று ஏன் அமுக்கினீர்கள்?

மாமா துண்டால் மூக்கைத் துடைத்தார்.

“வரேன், வரலன்னு ரெண்டுதானேடா வச்சிருந்த? நீ ஏன்டா வந்து சொல்லலன்னு கேக்கறதுக்கு ஒரு பட்டன் இல்லியே.”

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பந்தல் கடைக்காரர், அதுவும் சரிதான் என்பது போலத் தலையை ஆட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அம்மாவுக்குக் கோடி கொண்டு போகிற வண்டியில், மாமாவுக்கும் பந்தல் கடைக்காரருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ரெட்டியார்பாளையம் முழுக்கச் சிரித்தேன். மாமா தடுக்கவில்லை. என் தொடைமேல் கையை வைத்து, வண்டி குலுங்கும்போது விழுந்துவிடாமல் பிடிப்பது போல அழுத்திப் பிடித்துக்கொண்டார். அன்று முழுவதும் என்னிடமிருந்து வெளியே வந்தது அது ஒன்றுதான்.

வெள்ளைப் புடவை, ஊதாக் கரை. அப்பா போன பிறகு அம்மா வெள்ளையைத் தவிர வேறு உடுத்தியதில்லை, கரை மட்டும் ஒவ்வொரு நிறத்தில் கேட்டு வாங்குவாள். மாமா அதை விரித்து அவள்மேல் போட்டார். போட்டுவிட்டு, ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று கரையை இழுத்துச் சமமாக்கினார். மறுபடியும் பார்த்தார், மறுபடியும் இழுத்தார். ஒழுங்குபடுத்துகிற ஜாதி எனக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டேன். சொன்ன நேரத்தைவிடக் கொஞ்சம் தாமதமாக எடுத்தோம்.

எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்தபோது, மாமா வாசலில் நாற்காலியில் இருந்தார். எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தெருவில் இறங்கிப் போனார். நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை.

காரியமெல்லாம் முடிந்து நான் ஆபீஸுக்குப் போன அன்று பந்தல் கடைக்காரர் வந்தார். கணினியில் பதில்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு, ஒருத்தர் வரவில்லை என்றே இருக்கிறதே சார், வந்தவர்தானே, மாற்றிவிடுங்கள் என்றார். வேண்டாம்ண்ணே, அவர் சொன்னது அப்படியே இருக்கட்டும் என்றேன். கொஞ்சம் தயங்கி, அப்போ அந்த மூன்றாவது பட்டன் என்றார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை.

செய்து கொடுத்தேன். துக்கச் செய்தியில் இப்போது அடிவரி கிடையாது, வாங்குகிறவர்களுக்குப் பட்டன் எதுவும் கிடையாது. பட்டன் இருப்பது அனுப்புகிறவர்கள் பக்கத்தில். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒன்று. அதை அமுக்கினால் அந்த எண்ணுக்குச் செய்தி போகாது. அதற்குப் பதிலாக வீட்டாருக்கே ஒரு வரி வரும்.

சோதித்துப் பார்க்க ஓர் எண் தேவைப்பட்டது. மாமாவின் எண்ணைப் போட்டு அமுக்கினேன். என் போன் ஒருமுறை அதிர்ந்தது. ‘இவரிடம் நேரில் போய்ச் சொல்லவும்’ என்று வந்திருந்தது. நட்சத்திரங்கள் சரியான இடத்தில் இருந்திருக்கின்றன, எழுத்து தடித்துத்தான் வந்தது. ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை, வெறும் சோதனைதான் என்று பந்தல் கடைக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன். அவர் தெரியும் சார் என்றார்.